கூட ஓடுகிறவன்

எழுத்து தனிமனித ஓட்டம், அதில் கூட ஓட யாராலும் முடியாது என்று நம் வட்டத்தில் ஒரு வாசகம் வெகுநாளாகப் புழங்குகிறது. சொல்கிறவர்கள் ஆதாரமாகக் காட்டுவது ஆலன் ஸில்லிடோவின் 1959ஆம் வருஷத்துக் கதைத் தலைப்பை: நெடுந்தூர ஓட்டக்காரனின் தனிமை. இவர்கள் தலைப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவர்கள் என்பது என் சந்தேகம். கதையில் ஓடுகிற ஸ்மித் சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்ட ஒரு பையன். அதிகாலையில் தனியே ஓடுவதில் அவனுக்கு ஒரு சுகம் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் அவனை ஓடவிட்டவர் பள்ளியின் தலைவர். அவருக்கு ஒரு கோப்பை வேண்டும். ஜெயிக்கக்கூடிய பந்தயத்தை ஸ்மித் வேண்டுமென்றே தோற்பது அவர் முகத்துக்கு எதிரே. ஸ்தூலமான ஒரு எதிராளி அந்த ஓட்டம் முழுக்கக் கூட வருகிறான். நம்மவர்கள் எதிராளியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தனிமையை மட்டும் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டார்கள்.

ஓட்டத்தை உவமையாக்குவதானால் முதலில் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டின் இஃப்லி ரோடு மைதானத்தில் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை 3 நிமிஷம் 59.4 விநாடியில் ஓடி முடித்தார். சரித்திரம் அந்த ஒரு பெயரைத்தான் பத்திரப்படுத்தியிருக்கிறது. நான்கு சுற்றில் முதல் இரண்டும், மூன்றாவதில் கொஞ்சமும் முன்னால் ஓடியவர் கிறிஸ் பிராஷர். அதற்குப் பிறகு கிறிஸ் சாட்டவே. கடைசிச் சுற்றின் பிற்பாதியில்தான் பானிஸ்டர் தனியானார். முதல் சுற்றிலேயே பிராஷரை வேகமாகப் போகச் சொல்லிப் பின்னாலிருந்து கத்தியிருக்கிறார். பிராஷர் கூட்டவில்லை. அந்தச் சுற்று 57.5 விநாடியில் முடிந்தது. சுற்றுக்கு 60 விநாடி போதும் என்ற கணக்கில் அதுவே அதிகம். கத்தியபடி கேட்டிருந்தால் மூன்றாவது சுற்றில் இருவருக்கும் மூச்சு முட்டியிருக்கும். இந்தப் பிராஷர் யாருக்கும் எடுபிடி அல்ல. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் தங்கம் வாங்கியவர்.

எதிர்த் தரப்பின் அசட்டுத்தனம் வேறு மாதிரி. அவர்களுக்குக் கூட ஓடுவது தியாகம், தோள்கொடுத்தல், இத்யாதி. சென்னையில் ஒரு ஜனவரி விடிகாலையில் நண்பன் ஒருவனோடு அரை மராத்தான், அதாவது 21.0975 கிலோமீட்டர், ஓடினேன். என் பெருந்தன்மையைப் பலர் பிறகு மெச்சினார்கள். தனியாக ஓடினால் எனக்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிஷம் 15 விநாடி ஆகும். அவனுக்கு 7 நிமிஷம். இதில் தோள் கொடுக்க எங்கே வழி இருக்கிறது? அவனுக்காக ஒரு மூச்சுக்கூட நான் விட முடியாது. நான் செய்தது ஒன்றுதான்: கடிகாரம் பார்க்கிற வேலையை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டேன். நாலாவது கிலோமீட்டரில் சாலையோரத்து மேளத்தைக் கேட்டதும் அவன் எகிறினான். நான் எகிறவில்லை. "மாட்டு வண்டியா ஓட்டறே?" என்று திட்டிக்கொண்டே பின்வாங்கினான். பதினாறாவதில், "நீ போய்யா, நான் வந்துக்கறேன்" என்றான். போகவில்லை. போயிருந்தால் தன் ஓட்டத்தை விட்டுவிட்டு என் முதுகைத் துரத்த ஆரம்பித்திருப்பான். எனக்கும் அது சொகுசாக இல்லை. கால் வீச்சைக் குறுக்கி ஓடினால் இடுப்பு பழகாத இடத்தில் வலிக்கிறது. ஏறுகிற வெயிலில் அரை மணிக்கு மேல் கூடுதலாகக் கிடக்க வேண்டியிருக்கிறது. முடிவுப் பட்டியலில் இரண்டு பெயர்கள், இரண்டு நேரங்கள். யார் யாரோடு ஓடினார்கள் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. இருக்கவும் வேண்டாம்.

இதையெல்லாம் சொல்லக் காரணம் நம் பத்திரிகைகளில் விமர்சனம் நடக்கிற லட்சணம். இருநூறு முந்நூறு பேர் படிக்கிற வட்டத்தில் ஒருவன் கவிதைத் தொகுப்புப் போட்டால் மதிப்புரை எழுதுகிறவன் நண்பனாகத்தான் இருப்பான். வேறு ஆளுக்கு எங்கே போவது? ஒரு சாரார் பின்னட்டைக்கு நாலு வரி எழுதிக் கொடுத்து மேளம் அடிக்கிறார்கள். நட்பு ரஸனையைக் கெடுத்துவிடும் என்று பயந்த இன்னொரு சாரார், புத்தகம் வந்த பிறகு முடிவுக்கோட்டில் கடிகாரத்தோடு நின்று மார்க் போடுகிறார்கள். இரண்டு பேருக்கும் கால் வலிப்பதில்லை. நான் கேட்கிற விமர்சகன் கைப்பிரதிக் கட்டத்திலேயே கூட ஓடுகிறவன். கவிஞன் கைதட்டலைக் கேட்டு எகிறும்போது தான் எகிறாமல் இருந்து திட்டு வாங்குகிறவன். போ என்று விரட்டினாலும் போகாதவன். கவிஞனுக்காக ஒரு வரியையும் அவன் எழுதித் தர முடியாது, தரவும் கூடாது. ஆனால் எந்த வரி வேறொருவன் முதுகைத் துரத்திக்கொண்டு எழுதியது என்று அவனுக்குத்தான் தெரியும், பக்கத்தில் ஓடியதால்.

கடைசி அரைச் சுற்றின் தனிமையை நான் மறுக்கவில்லை. பானிஸ்டருக்கு அது கிடைத்தது, அவர் அதற்குத் தகுதியானவர். முதல் சுற்றிலிருந்தே அந்தத் தனிமைக்குப் பட்டா கேட்கிறவர்களிடம்தான் எனக்குத் தகராறு. உங்கள் கைப்பிரதியில் நீங்கள் கத்தியும் வேகத்தைக் கூட்ட மறுத்தவன் யார் என்று சொல்லுங்கள். தனிமையைப் பற்றிப் பிறகு பேசலாம்.