மலையேறும் பிள்ளைகளின் பாதரட்சை



கோடை விடுமுறை நெருங்குகிறது. வாலிபர் முகாம்களுக்கான அறிவிப்புகள் சபைகளில் வாசிக்கப்படத் தொடங்கிவிட்டன. கொடைக்கானல், ஏற்காடு, கொல்லிமலை என்று இடம் மாறினாலும் அறிவிப்பின் கடைசி வரி அநேகமாக ஒன்றாகவே இருக்கிறது: மலையேற்றத்திற்குரிய நல்ல காலணி கட்டாயம். இந்த வரி சில வீடுகளில் என்ன செய்கிறது என்பதை எழுதுகிறவர்கள் யோசிப்பதில்லை. தினக்கூலிக்குப் போகும் தகப்பனார் முகாம் கட்டணத்தை எப்படியோ சேர்த்துவிடுகிறார். காலணியின் விலையைக் கேட்டபின், பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லை என்று போதகரிடம் சொல்லி ஒதுங்கிவிடுகிறார். ஒரு ஜோடிக் காலணியின் விலைக்கு எளியவனைக் கைவிட்ட இஸ்ரவேலை ஆமோஸ் தீர்க்கதரிசி எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை நாம் அறிவோம் (ஆமோஸ் 2:6). நாம் யாரையும் விற்கவில்லை என்பது உண்மையே. ஆனாலும் காலணி இல்லாததால் ஒரு பிள்ளை ஐக்கியத்தை இழக்குமானால், அந்த அதிகாரத்தை நிம்மதியாக வாசித்துக் கடந்துவிட நமக்கு உரிமையில்லை.

இதற்கு மறுபக்கமாக, விசுவாசமுள்ளவனுக்குச் சாதாரணச் செருப்பே போதும் என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. கர்த்தர் சீஷரை அனுப்பிய விதத்தை அவர்கள் ஆதாரமாகக் காட்டுவார்கள். மாற்கு 6-ஆம் அதிகாரத்தைக் கவனியுங்கள். அப்பமும் பையும் பணமும் வேண்டாம் என்றவர், பாதரட்சையை அணிந்துகொள்ள இடங்கொடுத்தார். மத்தேயுவில் இது வேறுவிதமாக வருகிறது. கூடுதலாக ஒன்றைத் தேடிக்கொள்ள வேண்டாம் என்பதே அங்குள்ள கருத்து என்று விரிவுரையாளர் பலர் கொள்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகத் தோன்றுகிறது. நாற்பது வருஷம் காலணி தேயாமல் காக்கப்பட்டது வனாந்தரத்து ஜனங்களுக்கு நடந்த அற்புதம் (உபாகமம் 29:5). நம்முடைய காலணிகள் தேயும். அதிலும் மழை பெய்த பாறையில், அடிப்பாகம் வழுவழுப்பான செருப்போடு ஒரு பிள்ளையை இறக்கிவிடுவதை விசுவாசம் என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

ஆகவே குறைந்த பணத்தில் நல்லதைத் தெரிந்துகொள்வது எப்படி என்பதே கேள்வி. என் கருத்து எளியது. கையிலிருக்கும் பணத்தை முதலாவது பாதத்திற்குப் பொருந்துவதற்காகச் செலவிடுங்கள், அடுத்து அடிப்பாகத்திற்காக. மற்றவையெல்லாம் அதற்குப் பின்புதான்.

கடைக்கு மாலையில் செல்லுங்கள். பகல் முழுவதும் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். மலையிலும் அப்படியே வீங்கும். முகாமில் அணியப்போகும் தடித்த காலுறையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அது பருத்தியாக இல்லாதிருப்பது நல்லது, ஏனெனில் நனைந்த பருத்தி காயாமல் தோலை உரசிக் கொப்புளம் எழுப்பும். கயிற்றை இறுக்கிக் கட்டியபின், நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். குதிகால் மேலெழும்பக் கூடாது. கடையில் படியோ சரிவோ இருந்தால் இறங்கிப் பாருங்கள். ஏறும்போது எந்தக் காலணியும் நல்லதாகவே தோன்றும். இறங்கும்போது விரல் நுனி முன்னால் மோதுமானால், ஒருநாள் இறக்கத்திற்குள் நகம் கறுத்துவிடும். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருப்பதில்லை. பெரிய பாதத்திற்கே அளவு எடுங்கள்.

பின்பு காலணியைக் கையில் எடுத்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் அது வளையவேண்டும். நடுவில் மடங்குவதும், துணியைப் பிழிவதுபோல் எளிதாக முறுகுவதும் கற்பாதைக்கு உதவாது. அடிப்பாகத்தின் பற்கள் ஆழமாகவும், சேறு உதிர்ந்துவிழும்படி இடைவெளியோடும் இருக்கட்டும். வெறும் பசையால் ஒட்டப்பட்டதைவிடத் தைக்கப்பட்டது நீடிக்கும். செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் கொடுத்து மறுபடியும் சரிசெய்துகொள்ளவும் முடியும்.

கணுக்காலை மூடும் கனத்த பூட்சுதான் வேண்டும் என்பதில்லை. காலில் கட்டிய கனம், அதே கனத்தை முதுகில் சுமப்பதைவிட அதிகமாகக் களைப்பூட்டும். நீர்புகாத வகைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதும் நம் மலைகளுக்குப் பெரும்பாலும் வீண். ஓடையில் இறங்கினால் தண்ணீர் மேல்வழியாக உள்ளே வந்துவிடும், வந்தது வெளியே போகாது. வலைத்துணி உள்ள காலணி நனைந்தாலும் சீக்கிரம் காயும். விளம்பரத்தில் வரும் பெயருக்காகக் கொடுக்கும் பணத்தைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. வாலிபர்கள் என்மேல் கோபப்படாதிருப்பார்களாக.

ஓர் எச்சரிக்கை. கிபியோனியர் பழைய, ஒட்டுப்போட்ட பாதரட்சைகளை அணிந்து, தூரதேசத்தார்போல யோசுவாவிடம் வந்தார்கள் (யோசுவா 9). இக்காலத்துத் தந்திரம் அதற்கு நேர்மாறானது: பழையது புதியதைப்போல வருகிறது. பாதிவிலை என்று வைத்திருக்கும் காலணி, கிடங்கில் பல வருஷம் கிடந்ததாக இருக்கலாம். இடையிலுள்ள பாலியூரித்தேன் நுரை, அணியாமல் வைத்திருந்தாலும் ஈரக்காற்றில் மெல்லமெல்லச் சிதையும். பார்வைக்குப் புதிதாக இருக்கும் காலணி மலையின் நடுவில் அடிப்பாகம் கழன்றுபோவது இதனால்தான். உற்பத்தித் தேதியைக் கேளுங்கள். ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ உதிர்வோ இருந்தால் எவ்வளவு குறைந்த விலையானாலும் வேண்டாம்.

"போடப் போடச் சரியாகிவிடும்" என்பது கடைக்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடமான வசனம். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு டாக்டர் பால் பிராண்ட் நினைவுக்கு வருகிறார். 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். அவருடைய பெற்றோராகிய ஜெஸ்ஸியும் எவலினும் அந்த மலைக்கிராமங்களுக்கிடையே ஊழியம் செய்தவர்கள். ஜெஸ்ஸி 1929-இல் அங்கேயே காய்ச்சலில் மரித்தார். மகன் மருத்துவராகி 1946-இல் வேலூருக்கு வந்து, தொழுநோயாளிகளின் கைகால்களைக் கவனிக்கத் தொடங்கினார். அவர்களுடைய பாதங்களில் புண் ஏற்படுவது நோயினால் சதை அழுகுவதாலேயே என்று அப்போது பலர் எண்ணியிருந்தார்கள். வலி தெரியாததால், உரசலையும் அழுத்தத்தையும் உணராமல் நடந்து நடந்தே அவர்கள் பாதத்தை இழக்கிறார்கள் என்பதை அவர் கண்டுணர்த்தினார். வலி தேவன் தந்த ஈவு என்று பிற்காலத்தில் புத்தகமே எழுதினார். அவரும் உடன் உழைத்தவர்களும் மென்மையான நுண்ணறை ரப்பரைக் கொண்டு அந்தப் பாதங்களுக்கென்று செருப்புகளை உருவாக்கினார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று மருத்துவமனைகளில் இன்றும் கொடுக்கப்படுகிறது.

ஆகையால் கடையிலேயே வலிக்கிற காலணியைக் கீழே வைத்துவிடுங்கள். தோல் காலணி ஓரளவு இளகும். எலும்பை அழுத்துகிற காலணி இளகாது. பிள்ளைகளோடு மலையேற வரும் நீரிழிவுள்ள பெரியவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. உங்கள் பாதம் எச்சரிக்காமல் இருக்கலாம். அணியுமுன் காலணிக்குள் கைவிட்டுத் தடவிப் பாருங்கள்; இரவில் இரு பாதங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். மலையேறலாமா என்பதையே முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

சபைகள் செய்யவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் ஒரு பெட்டி நிறையக் காலணிகளைச் சேர்த்துவைத்து, முகாமுக்கு முந்தின நாள் இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அன்போடு செய்வதுதான். ஆனாலும் ஒருவர் பாதத்திற்குப் படிந்த காலணி இன்னொருவர் குதிகாலைக் கிழிக்கும். வீட்டிலும் தெருவிலும் குறைந்தது இரண்டு மூன்று வாரம் அணிந்து பழகாத காலணியோடு எந்தப் பிள்ளையும் மலைக்கு வரக்கூடாது. உதவி முன்கூட்டியே போகவேண்டும்; பொருளாகப் போவதைவிட, பிள்ளையைக் கடைக்கு அழைத்துச்சென்று அவனே போட்டுப்பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி போவது நல்லது. வளரும் பிள்ளைக்கு அடுத்த வருஷம் அந்த அளவு போதாது என்பதால், விலையுயர்ந்ததும் தேவையில்லை.

யாருக்கு உதவி செய்யப்பட்டது என்பது கமிட்டிக் குறிப்பேட்டில் பெயரோடு ஏறவேண்டியதும் இல்லை. அறிவிப்பின் கடைசி வரியை மட்டும் இவ்வாறு மாற்றி எழுதுங்கள்: மலையேற்றக் காலணி தேவைப்படும் பிள்ளைகள் மார்ச் மாத இறுதிக்குள் போதகரிடம் தனியாகத் தெரிவிக்கலாம்.