மருந்து தெளிப்பானின் வேகக் குமிழ்: அலட்சியம் வேண்டாம்

சோமனூர், கருமத்தம்பட்டி, அவிநாசி வட்டாரங்களில் தறியும் தோட்டமும் சேர்ந்தே நடக்கின்றன. ஆள் கூலி ஏறிவிட்ட இந்நாளில், கையால் அடிக்கும் தெளிப்பானை விட்டுப் பேட்டரித் தெளிப்பானுக்குச் சிறு விவசாயிகள் பலர் மாறிவிட்டனர். இது வரவேற்கத்தக்கதே. ஆனால் அதில் உள்ள சிறு குமிழை, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை, நாம் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. பழுதானால் கழற்றிவிட்டு ஒயரை நேராக முறுக்கி ஓட்டுகிறோம். இப்படிச் செய்வது பணத்துக்கும் கேடு, உடலுக்கும் கேடு.

மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் 2017ஆம் ஆண்டு, பருத்திக்கு மருந்து அடித்த 20க்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மருந்துகளைக் கண்டபடி கலந்தது, ஆள் உயரம் வளர்ந்த செடி, பாதுகாப்பு உடை இல்லாமை எனக் காரணங்கள் பல கூறப்பட்டன. பனிபோல நுண்ணிய துளியாகப் பீய்ச்சிய பேட்டரித் தெளிப்பான்களும் அவற்றுள் ஒன்றாகப் பேசப்பட்டன. அழுத்தம் கூடக் கூடத் துளி சிறுக்கும். சிறிய துளி இலையில் உட்காராமல் காற்றில் மிதந்து, அடிப்பவரின் மூச்சிலும் தோலிலும் சேரும்.

களைக்கொல்லி அடிக்கும்போது இன்னும் கவனம் தேவை. சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் அடிக்கும் 2,4-டி மருந்து பக்கத்துத் தோட்டத்துப் பருத்தியில் சிறிதளவு பட்டாலே இலை சுருங்கிச் செடி பாழாகும். களைக்கொல்லிக்குக் குறைந்த அழுத்தமும் பெருந்துளியும் வேண்டும். குமிழ் இல்லாத தெளிப்பானில் இதற்கு வழியில்லை.

வேலை சீக்கிரம் முடியுமா?

"முழு வேகத்தில் வைத்தால் வேலை சீக்கிரம் முடியும்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 30 மீட்டர் நடந்து, 1 மீட்டர் அகலம் அடித்தால், சுமார் 4,000 சதுர மீட்டர் கொண்ட ஏக்கருக்கு 133 நிமிடம் ஆகும். நாசிலில் நிமிடத்துக்கு 900 மில்லி வந்தால் ஏக்கருக்கு 120 லிட்டர், அதாவது 16 லிட்டர் டேங்க் ஏழரை. குமிழைக் கூட்டி 1,200 மில்லி வரச் செய்தால் 160 லிட்டர், அதாவது 10 டேங்க் ஆகும். நடக்கும் நேரம் ஒரு நிமிடமும் குறையவில்லை. தண்ணீர் ஊற்றும் வேலைதான் கூடியது. டேங்குக்கு அதே அளவு மருந்து கலந்தால், ஏக்கருக்கு மூன்றில் ஒரு பங்கு மருந்து வீணாகக் கூடுகிறது.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

இத்தெளிப்பான்களில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட் டி.சி. மோட்டார். மாற்று ரெகுலேட்டர் வாங்குமுன் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. வோல்ட், பேட்டரியின் வோல்ட்டுக்குப் பொருந்த வேண்டும்.

2. மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். ஆகவே மோட்டார் தகட்டில் 3 ஆம்பியர் என்றிருந்தால், குறைந்தது 6 ஆம்பியர் தாங்கும் ரெகுலேட்டர் வேண்டும். 10 ஆம்பியர் இருப்பின் நலம். பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டி 5 ஆம்பியர் பியூஸ் போடவும்.

3. மின்சாரத்தை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை விட்டு விட்டுக் கொடுத்து வேகம் குறைக்கும் வகையே நல்லது. வெறும் ரெசிஸ்டன்ஸ் சேர்த்து வேகம் குறைத்தால் பேட்டரியின் சக்தி சூடாகவே வீணாகும்.

4. வீட்டு மின்விசிறி ரெகுலேட்டர் இதற்கு உதவாது, அது ஏ.சி. மின்சாரத்துக்கு உரியது. நம் ஊரில் தறி மோட்டார் பழுது பார்ப்போர் கைதேர்ந்தவர்களே. எனினும் தறியில் ஓடுவது ஏ.சி. மோட்டார், அதன் வேகத்தை மாற்றும் முறை வேறு.

5. மோட்டாரிலிருந்து இரண்டு ஒயர் வந்தால் பெரும்பாலும் கார்பன் பிரஷ் உள்ள மோட்டார். மூன்று ஒயர் வந்தால் பிரஷ் இல்லாத மோட்டார். அதற்கென உள்ள கண்ட்ரோலரையே வாங்க வேண்டும்.

பயன்படுத்தும் முறை

பிளஸ், மைனஸ் மாற்றி இணைத்தால் ரெகுலேட்டர் நொடியில் கருகிவிடும். மருந்து நீர் படாத இடத்தில் அதைப் பொருத்தவும். குமிழைக் குறைவில் வைத்துக் கிளப்பி, நாசிலில் துளி சீராக விரியும் வரை மட்டும் கூட்டவும். மோட்டார் முனகியபடி சுற்றாமல் நின்றால் உடனே நிறுத்தவும். இல்லையேல் காயில் கருகும். பேட்டரி இறங்கும்போது குமிழைக் கூட்டி ஈடுகட்டக் கூடாது. 12 வோல்ட் ஈய பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்கினால் நிறுத்திச் சார்ஜ் ஏற்றவும். மருந்து அடிக்காத நாட்களிலும் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுவது அவசியம்.

இவை அனைத்தையும் விவசாயியின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. மானியத்தில் கொடுத்தாலும் கடையில் விற்றாலும், மோட்டாரின் ஆம்பியர், ரெகுலேட்டரின் தாங்கு திறன், குமிழின் ஒவ்வொரு நிலையிலும் நிமிடத்துக்கு வரும் நீரின் அளவு ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்டுத் தெளிப்பானிலேயே ஒட்டித் தர வேண்டும். எங்களைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்களும் மருந்தின் பெயரைச் சொல்வதோடு நில்லாமல், அளந்து காட்டிவிட்டு வர வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை மருந்து கலக்குமுன் டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றி, ஒரு நிமிடம் வாளியில் அடித்து, படியால் அளந்து பாருங்கள். சரியான அளவு வரும் இடத்தில் குமிழின் மேல் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். செலவில்லாத இந்தக் கோடு மருந்தையும் மிச்சப்படுத்தும். மருந்து அடிப்பவரையும் காக்கும்.