பிரசவ அறையில் ஒரு துணை

கல்முனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு வரை நீண்டு கிடக்கும் இக்கரையோரத்தில், தமிழர் முஸ்லிம்கள் என்ற பேதமின்றித் தாய்வழிக் குடிமுறையைப் பேணி, வீட்டைப் பெண்மக்களுக்கே சீதனமாக எழுதிக் கொடுத்து, மணமகனை மனைவியின் வீட்டிலே குடியேறச் செய்யும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நிலைத்து வருகிறது. ஆதலின் இங்கே ஒரு பெண் கருவுற்றால், அவளுடைய தாயோ, சின்னம்மாவோ, சாச்சியோ, தமக்கையோ அதே வளவில் அல்லது அடுத்த வளவில் இருப்பார்கள். நாவுக்கு ருசித்ததைச் சமைத்துக் கொடுப்பதும், கிளினிக்குக்கு அழைத்துச் செல்வதும் அவர்களே. இத்தனை பெண்கள் சூழ வாழ்கிறவள், வேதனை முற்றிய வேளையில், வைத்தியசாலையின் ஒரு கதவருகே அவர்கள் எல்லோரையும் விட்டுத் தனியே உள்ளே போக நேர்கிறது என்பதை நாம் போதுமான அளவு சிந்தித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுப் பிரசவத்திற்கே திரும்பிப் போக வேண்டுமென்று நான் வாதிப்பதாக யாரும் கருதலாகாது. 1930களில் இலங்கையில் 100,000 பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டார்கள். இன்று அத்தொகை ஏறக்குறைய முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் ஆரம்பமான முதற் சுகாதாரப் பிரிவும், அதன் வழியே கிராமந்தோறும் வீடு வீடாகச் சென்ற பயிற்சி பெற்ற மருத்துவமாதரும், பின்னர் வந்த வைத்தியசாலைகளும், இரத்தமேற்றும் வசதியும், கிருமிகொல்லி மருந்துகளும் சேர்ந்து சாதித்த காரியம் அது. நம் மூதாட்டிகளின் பிள்ளைப்பேற்றைப் பார்த்த மருத்துவிச்சிக்கும் ஒஸ்தா மாமிக்கும் இடுப்பைப் பிடித்துவிடவும், மனத்தைத் தேற்றவும், பிள்ளையை ஏந்தவும் தெரிந்திருந்தது; உதிரப்போக்கு நில்லாதபோது செய்வதற்கு அவர்கள் கையில் ஏதுமில்லை. அந்தக் கையறுநிலையில் போன உயிர்களை மறந்துவிட்டுப் பழமையைப் புகழ்வது தர்மமாகாது.

ஆனால் உயிரைக் காத்த ஏற்பாட்டில், தேற்றிய கை விடுபட்டுப் போயிற்று. வெந்நீர்ப் போத்தலும், வெளுத்து மடித்த பழந்துணிகளும், பிள்ளைக்கான சட்டையும் அடங்கிய பையை மடியில் வைத்துக்கொண்டு தாய் வெளி வாங்கில் காத்திருக்கிறாள். உள்ளே மகளோ, வரிசைக் கட்டில்களில் ஒன்றிலே மல்லாந்து கிடந்து, சத்தமிட்டால் ஏச்சு விழுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளை பெற்ற பெண்கள் ஓரிடத்தில் கூடினால், எத்தனை தையல் என்ற கேள்வி தவறாமல் எழும். அதைத் தொடர்ந்து வருகிற கதைகளைப் பொறுமையோடு கேட்டிருப்போர் அறிவார்கள், ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் அவர்கள் நெஞ்சில் நிற்பது வேதனையைக் காட்டிலும் அந்நேரத்தில் யார் பரிவாகப் பேசினார், யார் கடிந்துகொண்டார் என்பதே.

இது வெறும் மனக்குறையன்று, வைத்திய விஷயமுமாகும். அச்சம் மிகுந்தால் உடலில் அட்ரினலின் பெருகி, கருப்பையின் சுருக்கம் தளர்ந்து, பிரசவம் நீளக்கூடும். 15,000க்கும் மேற்பட்ட பெண்களை உட்படுத்திய 26 பரிசோதனைகளை 2017இல் தொகுத்து ஆராய்ந்த கொக்ரேன் மதிப்பாய்வு, பிரசவம் முழுவதும் ஒருவர் அருகிருந்தால் இயல்பான பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது என்று கண்டது. உலக சுகாதார ஸ்தாபனமும் 2018இல், தாய் தானே தெரிந்தெடுத்த துணையொருவர் உடனிருக்க வேண்டும், எழுந்து நடமாடவும் தனக்கு இசைந்த நிலையில் பிள்ளை பெறவும் அவளுக்கு இடமளிக்க வேண்டும், வழமை என்பதற்காக எல்லோருக்கும் வெட்டித் தையலிடலாகாது என்று விதந்துரைத்தது. தமிழ்நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகள் 2004ஆம் ஆண்டிலேயே உறவினளான ஒரு பெண்ணைப் பிரசவ அறைக்குள் அனுமதிக்கத் தொடங்கிவிட்டன.

சிசேரியனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டு நாடளாவிய கணிப்பின்படி பிறப்புகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அவ்வாறே நிகழ்ந்தது. அவற்றுள் எத்தனையோ, தாயையும் சேயையும் ஒருங்கே காத்தவை. எனினும், ஏன் 'சீசர்' செய்தார்கள் என்று கேட்டால், அவர்கள் சொன்னார்கள், கையொப்பம் வைத்தோம் என்பதற்கு மேல் விடை சொல்ல இயலாத பெண்கள் நம்மிடையே அநேகர். வெளிமாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த வைத்தியரின் சிங்களமும் இவளுடைய தமிழும் ஒன்றையொன்று எட்டாதபோது அச்சம் இரட்டிப்பாகிறது. காரணத்தைக் கேட்டு விளங்கி, பதற்றமில்லாமல் அவள் காதில் சொல்ல ஒரு தமக்கை பக்கத்தில் இருந்தால், அச்சம்மதம் உண்மையான சம்மதமாகும்.

இடமில்லை, கூட்டம் சேரும், தொற்று ஏற்படும், மற்றத் தாய்மாரின் மறைவு கெடும் என்று ஆட்சேபிப்பவர்களின் கவலையை நான் அற்பமாக எண்ணவில்லை. கணவனை அனுமதிப்பதற்குத் தனியறைகள் வேண்டும்; அது பின்னர் நடக்கட்டும். ஒரே ஒரு பெண் துணைக்குக் கட்டில்களுக்கிடையே திரைச்சீலையும், கைகழுவி மேலங்கி அணியும் ஒழுங்கும், ஓர் ஆசனமும் போதும். மறைவைப் பெரிதாய் மதிக்கும் நம் பெண்களுக்கு அத்திரை எப்படியும் வேண்டியதுதானே! ஒரே இரவில் பல பிரசவங்களைப் பார்க்கும் தாதிக்கும் அந்தத் துணை பாரமாகாது. முதுகைத் தடவவும், மடக்குத் தண்ணீர் பருக்கவும், நடக்கையில் தாங்கவும் இன்னொரு சோடிக் கை கிடைத்ததாகும்.

பிள்ளை பிறந்த பின்பு வேதுக்கு இலை அவிப்பதும், சரக்குத்தண்ணீர் காய்ச்சுவதும், பால் சுரக்கச் சுறா வறுத்துக் கொடுப்பதும் அப்பெண்களே என்றிருக்க, பிறக்கும் வேளையில் மட்டும் அவர்களை வெளியே நிறுத்துவதில் நியாயமில்லை. கல்முனைப் பிராந்திய சுகாதார நிர்வாகம் துணையை அவ்வவ்வேளை இரக்கத்தைப் பொறுத்த சலுகையாக விடாமல், எழுத்திலான உரிமையாக்க வேண்டும். ஏழாம் மாதத்துக் கிளினிக்கில் திரிபோஷாப் பொதியைக் கொடுக்கும்போதே, யாரை உடன் வைத்துக்கொள்ள விரும்புகிறாய் என்று மிட்வைஃப் மிஸ் கேட்டு, அப்பெயரைக் கர்ப்பிணியின் அட்டையில் எழுதி, அவ்வுறவினளையும் ஒருநாள் அழைத்து ஒழுங்குகளைச் சொல்லிக்கொடுக்கலாம். அட்டையில் பெயருள்ளவளைக் கதவில் நிற்பவர் தடுக்கலாகாதென்ற உத்தரவு பிரசவ அறை வாயிலிலேயே தமிழில் ஒட்டப்பட வேண்டும்.