பெரியோர் வரிசையில் ஒரு துபாஷி

‘உலகப் பெரியோர் யாவர்?’ என மாணாக்கராகிய நம்முள் ஒருவரை வினவின், அலெக்ஸாந்தர், ஜூலியஸ் சீஸர், நெப்போலியன் என்னும் பெயர்களே முதற்கண் நாவில் எழும். பள்ளிப் பருவந்தொட்டு நாம் மனப்பாடஞ் செய்துவந்த பட்டியல் அது. நாடு பிடித்தலும், பகை முடித்தலும், பேரரசு நிறுவலுமே அருஞ்செயல்கள் என்பது அப்பட்டியலின் உட்கிடை. அவ்வீரர்தம் ஆண்மையை யாம் இகழ வந்தோமல்லேம். எனினும், அவ்வரிசையில் வைத்தெண்ணத் தக்க வேறொரு சாராரும் உளர் என்பதும், அவருள் ஒருவர் புதுவை நகரில் வாழ்ந்த தமிழர் என்பதும் எம் கருத்து. அதனை இங்கு எடுத்துரைக்கத் துணிகின்றோம்.

புதுவைக் கடற்கரைச் சாலையின் தென்பகுதியில் டூப்ளே துரையின் சிலை நிற்கின்றது. 1870-ஆம் ஆண்டில் நாட்டப்பெற்றது அது. 1742 முதல் 1754 வரை புதுவையின் கவர்னராயிருந்தவர் அவர். அவர் காலத்திலேதான் 1746-இல் சென்னைப்பட்டணம் பிரெஞ்சியர் கைப்பட்டது. 1748-இல் ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் புதுவையை முற்றுகையிட்டு, வெல்ல மாட்டாது மீண்டார். ஆர்க்காட்டு நவாபு பதவியிலும் தக்காணத்துச் சுபாதாரி பதவியிலும் தமக்கு வேண்டியாரை ஏற்றி வைக்குமளவு டூப்ளேயின் கை ஓங்கிற்று. ஆயின் அவ்வுயர்ச்சி நிலைத்ததோ? 1754-இல் அவர் தாய்நாட்டிற்குத் திரும்ப அழைக்கப்பெற்றார். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுவையைக் கைப்பற்றிக் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினர். டூப்ளே 1763-இல் பாரிஸ் நகரில் வறுமையுற்று மாண்டார். பின்னர் பிரெஞ்சியர் புதுவையை மீளப்பெற்று நெடுங்காலம் ஆண்டனரேனும், 1954 நவம்பர் முதல் நாள் அவ்வாட்சியும் இந்தியாவிடம் கைமாறிற்று.

சிலை மட்டும் நிற்கின்றது. ஆனால், அத்துரை எதற்குச் சினந்தார், எச்செய்தி கேட்டு மகிழ்ந்தார், எவர் சொல்லுக்குச் செவி சாய்த்தார் என்பனவற்றை அச்சிலை நமக்குச் சொல்லாது. அவற்றை அறிய விரும்புவோர், அவருக்கு ஊழியஞ் செய்த ஒரு தமிழரின் ஏட்டையே நாடுதல் வேண்டும். அத்தமிழரே ஆனந்தரங்கப் பிள்ளை.

அவர் 1709-இல் சென்னையை அடுத்த பெரம்பூரிற் பிறந்தவர். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை, புதுவையிற் குடியேறி வணிகஞ் செய்தவர். மாமன் நைனியப் பிள்ளை பிரெஞ்சுக் கம்பெனியாரின் தலைமைத் துபாஷியாயிருந்து, குற்றஞ்சாட்டப்பெற்று, 1717-இல் சிறையிலேயே உயிர் நீத்தார். ஆகவே, துபாஷி வேலையின் உயர்வும் அதன் அபாயமும் ஆனந்தரங்கர் இளமையிலேயே கண்டறிந்தவை. அவர் 1736 செப்டம்பர் மாதத்தில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1747-இல் தலைமைத் துபாஷியானார். 1756-இல் அப்பதவியினின்றும் நீக்கப்பெற்றார். பதவி போயினும் எழுத்துப் போகவில்லை. 1761 ஜனவரியில், நகர் பகைவர் கைப்படுதற்குச் சில நாட்களே முன்னர், அவர் காலமானார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளின் செய்தி அவருடைய ஏடுகளில் உறைகின்றது.

கப்பல் வந்ததும் போனதும், சரக்கின் விலையும், கவர்னர் மாளிகை விருந்தும், பீரங்கி முழக்கமும், தெருவில் உலாவிய வதந்தியும் அவற்றில் உள. பிரெஞ்சு, போர்ச்சுகீசு முதலிய மொழிகளை அறிந்திருந்தும் அவர் தமிழிலேயே எழுதினார். அதுவும் புலவர் தமிழன்று; கடைவீதியிலும் கச்சேரியிலும் வழங்கிய தமிழ். பாரசீகச் சொல்லும் பறங்கிச் சொல்லும் விரவிய அந்நடையை இலக்கணம் வல்லார் வழுவென்பர். யாமும் இலக்கணம் பயில்வோமே. எனினும், பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழ் மக்கள் வாய்திறந்து பேசிய வகையை அவ்வழுக்களே நமக்குக் காட்டுகின்றன என்பதை மறத்தலாகாது. அவர் புரந்த புலவருள் தியாகராச தேசிகர் அவர்மீது ஆனந்தரங்கன் கோவை பாடினார். சீநிவாச கவி வடமொழியில் ஆனந்தரங்க விஜய சம்பு இயற்றினார். புகழ் வேண்டி அவர் பெற்ற அந்நூல்களை இன்று நாடுவார் மிகச் சிலர். புகழ் வேண்டாது அவர் தமக்கென எழுதிவைத்த குறிப்பே அவரை வாழ்விக்கின்றது.

செயல் செய்வானினும் அதனை எழுதுவான் எங்ஙனம் பெரியனாவான் என்று கேட்பாருளர். பாரியின் பறம்பு மூவேந்தர் முற்றுகையில் வீழ்ந்தது. கபிலர் பாட்டில் அது வீழவில்லை. பகைவரை வெல்லேனாயின் மாங்குடி மருதன் முதலிய புலவர் என் நாட்டைப் பாடாதொழிக என வஞ்சினங் கூறினான் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன். அலெக்ஸாந்தரும் அக்கிலீஸின் சமாதியருகே நின்று, ஹோமரைப் பெற்ற அவ்வீரனே பாக்கியவான் என்றான் என்பர். எனவே, வாள் வீரருக்கே எழுதுகோலின் அருமை தெரிந்திருந்தது. அதென்ஸ் நகரத்துத் துசிடிடீஸ் படைத்தலைவராகத் தோற்றார். தம் காலப் போரின் வரலாற்றை எழுதியே வென்றார். லண்டன் மாநகரின் பெருந்தீயை இன்றும் நம் கண்முன் நிறுத்துவது ஸாமுவேல் பெப்பீஸ் 1660 முதல் 1669 வரை எழுதிய நாட்குறிப்பு. ஆனந்தரங்கரின் ஏடோ அதனினும் இருமடங்குக்கு மேற்பட்ட காலத்தைத் தழுவியது.

இனி, கிறிஸ்தவ மாணாக்கராகிய யாம் சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். 1748 செப்டம்பரில், ஆங்கிலப் படை நகரைச் சூழ்ந்திருந்த வேளையில், புதுவையிலிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. சம்பா கோயில் என மக்கள் வழங்கும் தேவாலயத்தைச் சார்ந்த சேசு சபைக் குருமாரும், டூப்ளே துரையின் மனைவியாரும் அதற்குத் துணைநின்றதை ஆனந்தரங்கர் நெஞ்சு நைந்து எழுதியுள்ளார். தம் சமயத்துப் பெரியதனக்காரர் ஒற்றுமையின்றி நின்றதையும் அவர் மறையாது கடிந்தெழுதினார். 1745-ஆம் ஆண்டுக் குறிப்பொன்றில், தேவாலயத்தின் உள்ளேயே தாழ்ந்த குலத்தாரெனப்பட்ட கிறிஸ்தவரைப் பிரித்து வைக்க ஒரு சுவர் இருந்ததும், அவர்கள் குருவிடம் முறையிட்டதும், அச்சுவர் அகற்றப்பட்டதும் காணப்படுகின்றன. மனிதரை வஞ்சித்துப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றிய கொடுமையும் அவ்வேட்டில் உண்டு.

‘இவற்றைக் கிளறுவதேன்? சமயப் பூசலன்றோ விளையும்?’ என்று எம் நண்பரொருவர் வினவினார். அவர் அச்சம் நல்லெண்ணத்தினின்று பிறந்தது. ஆயினும் அதனை யாம் ஏற்றிலேம். ஏட்டிலுள்ளதை நாம் மறைப்பின், அவ்விடத்தை வதந்தி வந்து நிரப்பும். வதந்திக்கு நாளுமில்லை, அளவுமில்லை. அன்றியும், மறைத்தல் நம் திருமறையின் வழியன்று. தாவீது மன்னனின் பாவத்தையும், நாத்தான் தீர்க்கதரிசி அவனை முகத்தெதிரே கடிந்ததையும் அது விடாமற் கூறுகின்றது. தலைமைச் சீடராகிய பேதுரு தம் ஆண்டவரை மும்முறை மறுதலித்ததையும் நான்கு சுவிசேஷங்களும் உரைக்கின்றன. சொந்த வீட்டின் குற்றத்தை எழுதிவைக்க அஞ்சாத வேதத்தைக் கையிலேந்தும் நாம், ஒரு துபாஷியின் ஏட்டிற்கு அஞ்சுதல் தகுமோ? அன்று இடித்தவர் செயலை நியாயப்படுத்தல் நம் கடனன்று, வருந்துதலே கடன். சுவரெடுக்குமாறு முறையிட்ட ஏழைக் கிறிஸ்தவரையும் நம் முன்னோராக எண்ணிப் பெருமைகொள்ளுதற்கு அதே ஏடுதான் இடந்தருகின்றது. முன்னையது வேண்டாம், பின்னையது மட்டும் போதும் என நாம் கேட்டல் இயலாது.

ஆனந்தரங்கர் குற்றமற்றவர் என யாம் வாதிக்கவில்லை. அவர் வணிகர், தம் இலாபத்தில் கண்ணுடையவர். சாதி உணர்ச்சியும் சோதிட நம்பிக்கையும் அவரைப் பற்றியிருந்தன. தம் எதிரிகளை எழுதுமிடத்து அவர் கோல் நடுநிலை பிறழ்வதுமுண்டு. ஆயினும், ஆளுவோரின் அருகிலிருந்து, அவர் விரும்பாதனவற்றையும் நாள்தோறும் தாய்மொழியில் எழுதிவைத்த பொறுமையே பெருஞ்செயல் என்போம். டூப்ளே ஈட்டிய வெற்றிகள் அவர் காலத்திலேயே கரைந்தன. ஆனந்தரங்கர் ஈட்டியது கரையவில்லை.

அவ்வீட்டத்தை நாம் போற்றிய முறை யாது? ஏடுகள் குடும்பத்தார் வீட்டிற் கிடந்தன. 1846-இல் அவற்றின் அருமையறிந்து உலகிற்கு அறிவித்தவர் கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சியர். சென்னை அரசாங்கத்தார் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். தமிழ் மூலம் புதுவையில் நூல்வடிவில் அச்சேறத் தொடங்கியதோ 1948-இல். தமிழர் தமிழில் எழுதியதை ஆங்கிலேயர் முற்றப் படித்து இருபதாண்டு கழிந்த பின்னரே தமிழர் தம் மொழியிற் காணத் தொடங்கினர். இதனைத் தமிழ் பயிலும் மாணாக்கர் நாணத்தோடு நினைத்தல் வேண்டும்.

ஆதலின் யாம் வேண்டுவன இரண்டு. வரலாற்றுச் சொற்போட்டிகளில் ஆண்டுதோறும் அலெக்ஸாந்தரையும் நெப்போலியனையும் பேசும் நாம், ஓராண்டேனும் ஆனந்தரங்கரைப் பேசுவோமாக. அதற்கென அவர் ஏட்டையே எடுத்துப் படிப்போமாக. மற்றொன்று, புதுவைக்குச் செல்லும் அன்பர், கடற்கரைச் சிலையைக் கண்டதோடு மீளாது, பெரிய கடைக்கு அருகே இன்றும் நிற்கும் ஆனந்தரங்கர் மாளிகையின் முன்னும் சற்றே நிற்பாராக. அங்கே பீரங்கியில்லை, குதிரையில்லை. அன்றாடம் கண்டதை அன்றாடம் எழுதிய ஒருவர் வாழ்ந்த வீடு அது. நம் காலத்தை நமக்குப் பின்வருவோர் அறியவேண்டின், நம்முள்ளும் சிலர் அங்ஙனம் எழுதுதல் வேண்டும்.