முதுகுக்குக் கச்சை சரி. மூட்டைக்கு வரம்பு எங்கே?

சுமை தூக்குவோர் உடம்பில் மாட்டிக்கொள்ளும் கருவிகள் சந்தைக்கு வந்துவிட்டன. மோட்டாரும் பேட்டரியும் உள்ளவை ஒரு வகை. வெறும் வில்லும் ரப்பர் பட்டையும் உள்ளவை இன்னொரு வகை. விலை குறைந்தது இரண்டாவதுதான். ஆகவே நம் முதுகுக்கு வருவதும் அதுவாகத்தான் இருக்கும்.

குனியும்போது வில் இழுபடுகிறது. நிமிரும்போது அந்த இழுவை உடலைத் தூக்கிவிடுகிறது. பரிசோதனைகளில் முதுகுத் தசையின் உழைப்பு 10 முதல் 40 சதவீதம் வரை குறைந்ததாக 2016இல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று கூறுகிறது. நல்லதுதான். நாம் இதை எதிர்க்கவில்லை. தலையில் வைக்கும் சும்மாடும் இப்படியொரு கருவிதானே! பழந்துணியைச் சுருட்டி அதைக் கண்டுபிடித்த நம் பாட்டிமாருக்கு யாரும் பட்டயம் கொடுக்கவில்லை.

ஆனால் தோழர்களே, கச்சை கட்டியதால் மூட்டை ஒரு கிலோகூடக் குறையாது. முதுகு விடும் பாரத்தில் ஒரு பங்கு தொடையிலும் மார்பிலும் போய் அழுத்தும். தலைச்சுமையோ கழுத்து வழியே நேராக முதுகுத்தண்டில் இறங்குகிறது. குனிந்து தூக்குவதற்கென்று செய்த வில் அங்கே என்ன செய்யும்? சாந்துச் சட்டியோடு மாடியேறும் நம் சித்தாள் பெண்களுக்கு இதனால் பயன் சொற்பமே.

வளர்ந்த ஆண் சுமப்பது 55 கிலோவைத் தாண்டக்கூடாது, பெண்களுக்கு அதைவிட வெகுவாகக் குறைய வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்தது 1967இல். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம் கிடங்குகளில் மூட்டையை நிறுத்துப் பார்த்தா தலையில் ஏற்றுகிறார்கள்?

"கச்சை கொடுத்தோமே, இன்னும் நாலு நடை போடு" என்பார்கள். அதன் விலையையும் கூலியில் பிடிக்கப் பார்ப்பார்கள். இதுவே நம் அச்சம். மகாராஷ்டிரத்தில் 1969ஆம் ஆண்டு மாத்தாடிச் சட்டப்படி கூலிக்கு மேல் முதலாளி வாரியத்துக்கு லெவி கட்ட வேண்டும். அந்தப் பணம் நம் வைப்பு நிதி, பணிக்கொடை, விடுமுறைச் சம்பளம். கச்சை வாங்க அதில் கைவைக்க விடக்கூடாது. அது முதலாளியின் தனிச் செலவு. வேண்டாம் என்பவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. அளவெடுக்கும்போது பெண்களுக்கும் சேர்த்தே எடுக்கட்டும். புடவைமேல் கட்ட முடியாத கச்சை ஆணியில்தான் தொங்கும்.

இதற்கெல்லாம் முன்பாக ஒவ்வொரு மூட்டையிலும் எடையை அச்சிட்டு, 50 கிலோவோடு நிறுத்த வேண்டும். அடுத்த கூலி ஒப்பந்தத்தில் நம் சங்கங்கள் முதலில் எழுத வேண்டிய வரி இது.