நாற்பது வரை காத்திருக்கலாகாது

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின் கீழ், 40 வயதைக் கடந்த ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்ற அறிவிப்பு வரவேற்கத்தக்கது. ஆனால், இளைஞர்கள் நிறைந்த பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அந்த வயது வரம்பு பொருந்தாது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு. பரம்பரைக் கூறுடன் இரவுப் பணி, நாள் முழுதும் நாற்காலி, நள்ளிரவு 2 மணிக்கு இயந்திரம் ஊற்றித் தரும் சர்க்கரைத் தேநீர் ஆகியவையும் சேரும்போது, முப்பதுகளிலேயே இன்சுலினின் ஆற்றல் குன்றத் தொடங்கிவிடலாம். தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமற்ற சோர்வு ஆகியவை தெரியவரும் முன்பே விழித்திரையும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் உணவு ஒழுங்கு, நடை, தேவைப்பட்டால் மாத்திரை கொண்டே பலரால் நோயைக் கட்டுக்குள் வைக்க முடியும். செலவு கூடும் என்ற வாதம் நிற்காது: வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை மலிவானது, டயாலிசிஸ் அப்படியல்ல. முடிவுகள் பதவி உயர்வைப் பாதிக்குமோ என்ற ஊழியர்களின் அச்சம் நியாயமானதே. எனவே அறிக்கை அவர்கள் கைக்கு மட்டுமே செல்ல வேண்டும். அரசின் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டமே 30 வயதிலிருந்து பரிசோதிக்கிறது. அதே வயதைத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கும் கர்நாடக அரசு கட்டாயமாக்க வேண்டும்.