தாடையில் ஓர் ஓட்டை



அன்று இரவு எட்டு மணி இருக்கும். வெட்டு வேலைக்குப் போகும் ஓர் அம்மா, பெரிய காகித உறையொன்றை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார். உறைக்குள் பல் எக்ஸ்ரே படம். கீழ்த்தாடை வலி என்று டவுன் கிளினிக்கில் எடுத்தது. மறுநாள் அதைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். வரும் வழியில், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “தாடையிலே ஓட்டை விழுந்திருக்கே, இது புத்துநோயாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டாராம்.

“சார், என் பிள்ளைங்க ரெண்டும் இன்னும் படிக்குதுங்க சார்” என்றார் அந்த அம்மா. அதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கறுப்பு வட்டம் என்னவென்று எனக்கும் அன்று தெரியாது. ஆசிரியர் பயிற்சியின்போது எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்ததோடு சரி. “டாக்டர் பார்க்கிற வரைக்கும் நாமே முடிவு கட்டக்கூடாது அக்கா” என்று சொல்லி அனுப்பினேன். பள்ளி விடுமுறையாக இருந்ததால் மறுநாள் நானும் உடன் போனேன்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டியதும் அவர் செய்த முதல் காரியம், மறுபக்கத் தாடையைக் காட்டியதுதான். அங்கேயும் அதே உயரத்தில், அதே அளவில், ஒரு கறுப்பு வட்டம்! “பாருங்கம்மா, இது நோயில்லை. எனக்கும் இருக்கு, சாருக்கும் இருக்கு. நரம்பு வெளியே வர்ற வாசல்” என்றார். சந்தேகம் தீர, கோணத்தை மாற்றிச் சிறிய படம் ஒன்றும் எடுத்தார். வேர் நுனியில் சீழ் பிடித்திருந்தால், எந்தக் கோணத்தில் எடுத்தாலும் கறுப்பு அந்த வேரோடு ஒட்டியே தெரியும். வாசலாக இருந்தால் வேரை விட்டு விலகிப் போகும். விலகித்தான் போயிற்று. வலிக்குக் காரணம் அதற்குப் பின்னால் இருந்த கடைவாய்ப்பல்லின் சொத்தை.

அன்று முதல் இந்தப் படங்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அதில் கொஞ்சத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எக்ஸ்ரே கதிரை ராண்ட்ஜன் என்ற ஜெர்மானியர் 1895 நவம்பரில் கண்டுபிடித்தார். 1896 ஜனவரியிலேயே வால்காப் என்ற பல் மருத்துவர் தம் பற்களையே படம் எடுத்துக்கொண்டார். அதற்கு 25 நிமிடம் அசையாமல் இருந்தாராம்! இன்று ஒரு பல்லுக்கு ஒரு நொடிகூட ஆவதில்லை. அந்த அம்மாவுக்கு எடுத்தது முழுத் தாடைப் படம். மோவாயை ஒரு தாங்கியில் வைத்து அசையாமல் நின்றால், கருவி தலையைச் சுற்றி வரும். வளைந்த தாடையைப் பாய் விரித்தாற்போல் ஒரே படத்தில் காட்டிவிடும். பின்லாந்து நாட்டுப் பாட்டேரோ என்பவர் 1950-ஆம் ஆண்டையொட்டி வளர்த்த முறை இது.

படத்தில் வெள்ளையாகத் தெரிவது கதிரைத் தடுத்த பொருள்; கறுப்பாகத் தெரிவது கதிரை விட்ட இடம். பல் அடைத்த உலோகம் பளிச்சென்ற வெள்ளை. அதற்கு அடுத்தது பல்லின் மேல் எனாமல். எலும்பு சாம்பல் நிறம். காற்றும் குழியும் கறுப்பு. ஆகவே கறுப்பெல்லாம் நோயல்ல.

நம் மண்டையோட்டில் 22 எலும்புகள். அவற்றில் 14 முகத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் அசையக்கூடியது கீழ்த்தாடை ஒன்றே. பேசுவது, மெல்லுவது, கொட்டாவி விடுவது எல்லாம் அதன் வேலை. படத்தில் அது குதிரை லாடம்போல் வளைந்து கிடக்கும். அதன் உள்ளே இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஒரு கறுப்புப் பாதை ஓடும். கீழ்ப்பற்களுக்கு உணர்ச்சி தரும் நரம்பு செல்லும் குழாய் அது. அதன் ஒரு கிளை வெளியே வந்து உதட்டுக்கும் மோவாய்க்கும் போகும் வாசல்தான் நம்மைக் கலங்கடித்த ஓட்டை. கீழ்ப்பல் பிடுங்க ஊசி போட்டதும் உதடு தடித்துப் போனது போல் மரத்துவிடுகிறதே, ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? ஞானப்பல்லை எடுக்குமுன் டாக்டர் படம் கேட்பதும் இந்தக் குழாய் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்கத்தான்.

மேல்தாடைக்கு வருவோம். மேல் கடைவாய்ப்பற்களின் வேருக்கு மேலே, கன்னத்துக்குள், பெரிய கறுப்பு அறையொன்று தெரியும். காற்று அறை அது. சிலருக்கு வேர் நுனி அதன் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். சளி பிடித்து அறை வீங்கும்போது மேல்பற்கள் மூன்று நான்கு சேர்ந்தாற்போல் வலிக்கும்; குனிந்தால் வலி கூடும். இது தெரியாமல், வலி தாங்காமல், நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு.

பெற்றோர் கட்டாயம் பார்க்க வேண்டியது ஏழு வயதுக் குழந்தையின் படம். முதன்முறை பார்த்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது. வாயில் தெரியும் பற்களுக்கு அடியில், எலும்புக்குள், இன்னொரு வரிசை முழுவதும் காத்துக் கிடக்கிறது! பால்பற்கள் 20. அவற்றுக்கெல்லாம் பின்னால், ஏறத்தாழ ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். விழாமல் முளைத்ததால் “இதுவும் பால்பல்தானே, சொத்தையானால் விழுந்துவிடும்” என்று விட்டுவிடுகிறோம். அது விழுந்தால் மறுபடி முளைக்காது. என் வகுப்பில் பத்து வயதுக்குள் அதை இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பாட்டிகளின் படம் வேறு கதை. பல் போனதும், பல்லைத் தாங்கிய எலும்பும் கரைந்து தாடை மெலிகிறது. நடுவில் இருந்த நரம்பு வாசல் மேல்விளிம்புக்கே வந்துவிடும். பொய்ப்பல் அதன்மேல் அழுத்தினால் சுரீரென்று வலிக்கும். “பாட்டி சும்மா அடம் பிடிக்கிறாள், பல்லைப் போட மாட்டேன் என்கிறாள்” என்று திட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

பெண்களுக்கு ஒரு சொல். முழுத் தாடைப் படம் எடுக்கும்போது தோடு, மூக்குத்தி, கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இடக்காதுத் தோட்டின் மங்கலான நிழல் வலப்பக்கத்தில், சற்று மேலே போய் விழும். உள்ளதை மறைத்து, இல்லாததைக் காட்டும். கருவுற்றிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்தப் படத்துக்குத் தெரியாததும் உண்டு. கன்னத்தின் உட்புறத்தில், நாக்கின் ஓரத்தில் வரும் வெள்ளைப் படலமோ புண்ணோ தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. வெற்றிலை பாக்கு போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறது. இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை டாக்டர் கண்ணால் பார்க்க வேண்டும்.

அந்த அம்மா தம் படத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். வகுப்பறைச் சன்னலில் ஒட்டி வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். பெயர் இருந்த மூலையைக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தேன். இருந்தும் அவர் மகள் அடைத்திருந்த பல்லைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். “சார், இது எங்கம்மா!” என்று கத்தினாள். பிறகு அவளே முன்னால் வந்து, இரண்டு பக்கத்து ஓட்டைகளையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.